சோர்ஸிலிருந்து போட்ட என்ஜின்எக்ஸ் எங்கே இருக்க வேண்டும்?

கேள்வி – புதுநிர்வாகி
டெபியன் 12 (லினக்ஸ்) சர்வர். ஏப்ட் (டெபியனில் பேக்கேஜ் நிறுவும் கருவி) தந்த என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் 1.22.1-ல் எனக்கு வேண்டிய ஒரு மாட்யூல் இல்லை. அதனால் சோர்ஸை (மூல நிரலை) இறக்கி, கம்பைல் செய்து 'மேக் இன்ஸ்டால்' செய்தேன். கான்ஃபிக், லாக் எல்லாமே /யூஎஸ்ஆர்/லோக்கல்/என்ஜின்எக்ஸ்-க்குள் போய்விட்டன. பழைய /ஈடிசி/என்ஜின்எக்ஸ் கோப்புகளும் அப்படியே கிடக்கின்றன. நேற்று தவறான கோப்பைத் திருத்திவிட்டு அரை மணி நேரம் தேடினேன். ப்ரீஃபிக்ஸை (எந்த ஃபோல்டரில் நிறுவுவது என்ற அமைப்பை) /யூஎஸ்ஆர் என்று கொடுத்தால் எல்லாம் ஒரே இடத்துக்கு வந்துவிடும் இல்லையா?

பதில் – கர்னல்வாசி
வேண்டாம். /யூஎஸ்ஆர் டிபிகேஜியின் இடம் (ஏப்டுக்கு அடியில் பேக்கேஜ் கோப்புகளை வைத்து, கணக்கு வைக்கும் கருவி அது). அடுத்த அப்டேட்டில் உங்கள் பைனரியின் மேல் பேக்கேஜின் பைனரி வந்து உட்காரும். /யூஎஸ்ஆர்/லோக்கல் நமக்கென்றே விட்ட இடம். டெபியன் பேக்கேஜ்கள் அங்கே கோப்பு வைப்பதில்லை.

பதில் – இரவுப்பணி
இடம் சரிதான். ஆனால் அங்கே போட்டதை யார் அப்டேட் செய்வது என்று கேட்டுப் பாருங்கள்.

2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது என் பொறுப்பில் இருந்த சர்வர்களில் அன்றிரவே ஏப்ட் அப்கிரேடு முடித்தேன். ஓபன்எஸ்எஸ்எல் பதிப்பு 1.0.1இ என்றே காட்டியது. அதில் பயமில்லை, டெபியன் பதிப்பு எண்ணை மாற்றாமல் ஓட்டையை மட்டும் அடைக்கும். மறுநாள் சோதித்தால் ஒரு சர்வர் மட்டும் இன்னும் கசிகிறது! எல்டிடி (ஒரு புரோகிராம் எந்த லைப்ரரிக் கோப்புகளை எடுக்கிறது என்று காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்தேன். வெப் சர்வர் /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்-ல் இருந்த வேறொரு லிப்எஸ்எஸ்எல்லை (ஓபன்எஸ்எஸ்எல்லின் லைப்ரரிக் கோப்பு) எடுத்துக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் எப்போதோ கம்பைல் செய்தது, எங்கும் குறிப்பு இல்லை. டிபிகேஜிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சாவி, சான்றிதழ் எல்லாம் புதிதாக மாற்ற வேண்டியதாயிற்று. அந்த ஒரு நாள் கசிவுக்கு நான் இன்றும் வருந்துகிறேன்.

அதனால் என்ஜின்எக்ஸைப் பேக்கேஜாகவே வைத்துக்கொண்டு மாட்யூலை மட்டும் கட்டுங்கள். என்ஜின்எக்ஸ் 1.9.11-லிருந்தே டைனமிக் மாட்யூல் (தனியாகக் கட்டிப் பின்னர் சேர்க்கக்கூடியது) உண்டு. 'என்ஜின்எக்ஸ் -வி' (பெரிய எழுத்து வி) காட்டும் கான்ஃபிகர் விவரங்களை எடுத்து, அதே 1.22.1 சோர்ஸில் கட்டி, லோடு மாட்யூல் வரியால் சேர்த்தால் போதும். சிஸ்டம்டி யூனிட் (சர்வீஸைத் தொடங்கும் கோப்பு), லாக்ரொடேட் (பழைய லாக்குகளைச் சுழற்றும் அமைப்பு) எல்லாம் பேக்கேஜோடு வந்தபடியே இருக்கும்.

புதுநிர்வாகி
நன்றி அண்ணா. பாதுகாப்பு அப்டேட் வந்தால் மாட்யூல் உடையாதா?

இரவுப்பணி
டெபியன் 12 இருக்கும்வரை பெரும்பாலும் 1.22.1-தான் இருக்கும், அதனால் உங்கள் மாட்யூலை ஏற்றுக்கொள்ளும். 13-க்குப் போகும்போது திரும்பக் கட்டியே ஆக வேண்டும். பதிப்பு பொருந்தாவிட்டால் என்ஜின்எக்ஸ் எழவே எழாது. ரீஸ்டார்ட்டுக்கு முன் ஒவ்வொரு முறையும் கான்ஃபிக் டெஸ்ட் ஓட்டிவிடுங்கள். அப்புறம், கட்டிய கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி அந்த சர்வரிலேயே வையுங்கள். உங்களுக்குப் பின்னால் வருபவர் எல்டிடி போட்டுத் தேட வேண்டாம்.