ஆண்டு விழாவில் கேப்டன் ராதிகா மேனனைப் பற்றிப் பேசுவோம்

அன்பான ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

ஆண்டு விழாவில் பள்ளிப் பிள்ளைகளிடம் யாரைப் பற்றிப் பேசலாம் என்று குவைத் அண்ணன் போன மடலில் கேட்டிருந்தார். நான் கேப்டன் ராதிகா மேனனைச் சொல்கிறேன். வணிகக் கப்பல் கேப்டன், கேரளத்தின் கொடுங்கல்லூர்க்காரர். நான் கப்பலில் வேலை பார்ப்பவன், அவர் செய்த காரியத்தின் கனம் எனக்குத் தெரியும். அப்பாவைக் கடலுக்கு அனுப்பிவிட்டுக் கரையில் காத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு அது இன்னும் நன்றாகவே புரியும்.

2015 ஜூன் மாதம் வங்கக் கடலில் துர்காம்மா என்ற மீன்பிடிப் படகு எஞ்சின் நின்று, நங்கூரத்தையும் இழந்து, காற்று இழுத்த பக்கமெல்லாம் போய்க்கொண்டிருந்தது. உள்ளே ஏழு பேர். மூத்தவருக்கு 50 வயது, இளையவனுக்கு 15. சோறும் தண்ணீரும் அலையோடு போய்விட்டன. மீனுக்கு வைத்திருந்த ஐஸைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் இனி வரமாட்டார்கள் என்றே முடிவு செய்து காரியத்துக்கு ஏற்பாடு நடந்தது. இந்த இடத்தைப் படிக்கும்போது நம் ஊர்த் தெருக்கள்தான் கண்ணில் வரும்.

ஜூன் 22 அன்று ஒடிசாவின் கோபால்பூருக்கு வெளியே சம்பூர்ண ஸ்வராஜ்யா என்ற எண்ணெய்க் கப்பல் போய்க்கொண்டிருந்தது. இந்தியக் கப்பல் கழகத்தின் கப்பல், கேப்டன் ராதிகா மேனன். அதன் செகண்ட் ஆபீசர் இரண்டரை கிலோமீட்டர் தூரத்தில் அந்தப் படகைப் பார்த்துவிட்டார். அன்று 25 அடிக்கு மேல் அலை, 60 நாட் (knot) வேகத்துக்கு மேல் காற்று, அதாவது மணிக்கு 110 கிலோமீட்டருக்கும் மேல். கூடவே கனமழை. அப்படிப்பட்ட கடலில் சின்னப் படகு அலைக்குப் பின்னால் மறைந்து மறைந்துதான் தெரியும், ராடாரிலும் அலையின் புள்ளிகளோடு கலந்துவிடும். பின்னால் கேப்டனுக்குக் கிடைத்த பதக்கத்தில் அந்த ஆபீசரின் கண்ணுக்கும் பங்கு உண்டு என்பேன்.

கேப்டன் உடனே மீட்கச் சொல்லி உத்தரவிட்டார். எண்ணெய்க் கப்பல் நினைத்த இடத்தில் நிற்காது. வேகத்தைக் குறைத்தால் சுக்கானும் சரியாகக் கேட்காது. பக்கத்தில் வரும் படகை அலை தூக்கிக் கப்பலின் இரும்புச் சுவரில் அடித்தால் பலகை பலகையாகப் பிரிந்துவிடும். ஏறுவதற்கு இருப்பது பைலட் ஏணி ஒன்றுதான்: இரண்டு பக்கமும் கயிறு, நடுவில் மரப்படிகள். அலை மேலே தூக்கும் நொடியில் ஏணியைப் பிடிக்க வேண்டும், தவறினால் படகுக்கும் கப்பலுக்கும் நடுவில். பட்டினியில் கை நடுங்குகிறவர்களை அப்படி ஏற்றுவது லேசான வேலை இல்லை. லைஃப் ஜாக்கெட்டுகளையும் மிதவைகளையும் தயாராக வைத்துக்கொண்டு மூன்று முறை முயன்றார்கள். ஏழு பேரும் உயிரோடு மேலே வந்தார்கள்.

ஐ.நா.வின் கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ., கடலில் அசாதாரணத் துணிச்சலுக்காகத் தரும் விருதை 2016இல் லண்டனில் அவருக்கு வழங்கியது. அதைப் பெற்ற முதல் பெண் அவர். ரேடியோ ஆபீசராகக் கப்பலேறி, இந்திய வணிகக் கப்பல் துறையின் முதல் பெண் கேப்டன் ஆனவர்.

கடமையைத்தான் செய்தேன் என்பதுதான் அவருடைய பேச்சு. ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்ற வேண்டும் என்று, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸ் எல்லாக் கேப்டன்களையும் கட்டாயப்படுத்துவது உண்மைதான். ஆனால் இந்த நிலைமையில் போக முடியாது என்று கேப்டன் கருதினால், காரணத்தைக் கப்பலின் பதிவேடான லாக் புக்கில் எழுதிவிட்டு விலகிப் போகவும் அதே விதி இடம் தருகிறது. அன்றைய காற்றைக் காரணமாக எழுதியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. தன் கப்பலும் தன் ஆட்களும் கையில் இருக்க, அவர் அந்த வரியை எழுதவில்லை. என் மனதில் அந்தப் பதக்கம் அதற்குத்தான். கப்பல் வேலை பற்றிக் கேட்கும் நம் ஊர்ப் பெண் பிள்ளைகளுக்கு இதை விரிவாகவே சொல்ல வேண்டும்.

இன்னொன்று. விழாவுக்குக் கேடயம் வாங்க ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைப் படகுகளுக்குத் திருப்பலாமா? இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து அறிவிப்புக் கருவி இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் படகு இருக்கும் இடம் செயற்கைக்கோள் வழியாகக் கடலோரக் காவல்படைக்குப் போய்விடும். 2024 ஜனவரியில் வந்த புதிய வகையில், செய்தி கிடைத்தது என்ற பதிலும் படகுக்கே திரும்பி வரும். நடுக்கடலில் தவிப்பவனுக்கு அந்தப் பதில் எவ்வளவு பெரிய தெம்பு! காவல்படையின் அவசர எண் 1554. அதை எல்லா வீட்டுச் சுவரிலும் எழுதி வைக்கலாம், அதற்குச் செலவே இல்லை.

ஊரில் எந்தெந்தப் படகில் இந்தக் கருவி இருக்கிறது, எத்தனை பேருக்கு நல்ல லைஃப் ஜாக்கெட் இல்லை என்று செயலாளர் அண்ணன் விசாரித்து எழுதினால் நல்லது. கணக்கு வந்ததும் என் பங்கை அனுப்பிவிடுகிறேன். துபாய், சிங்கப்பூர் ஆட்களும் தங்கள் கருத்தை எழுதுங்கள்.