அம்மா கையெழுத்துப் போட்டு சம்மன் வாங்கிவிட்டார், இது செல்லுமா?

தூக்கம் கெட்டவன்:
போன வாரம் நான் வேலைக்குப் போயிருந்தபோது கோர்ட் அமீனா (சம்மன் கொண்டுவரும் ஊழியர்) வந்து அம்மாவிடம் ஒரு கட்டுக் காகிதம் கொடுத்து கையெழுத்து வாங்கிப் போயிருக்கிறார். புரோநோட்டுக் கடன், சொந்தக்காரர் போட்ட கேஸ். இரண்டு மாதம் முன்பு பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ் வந்தபோது அப்பா, வாங்கினால்தான் வம்பு என்று திருப்பி அனுப்பிவிட்டார். வாய்தாவுக்கு இன்னும் 12 நாள்தான். கையெழுத்து என்னுடையது இல்லையே, எனக்கு சார்வு ஆகவில்லை, அதாவது சம்மன் முறைப்படி வந்து சேரவில்லை என்று சொல்லலாமா? அம்மா கடனை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமா? ஒரே அழுகை.

பழைய குமாஸ்தா:
அம்மாவை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். தாள் கைக்கு வந்தது என்பதற்குத்தான் அந்தக் கையெழுத்து, கடனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் சம்மன் பெரும்பாலும் செல்லும். சிவில் நடைமுறைச் சட்டம் 5வது கட்டளை, 15வது விதி: நீங்கள் வீட்டில் இல்லை, சீக்கிரம் வருவதாகவும் தெரியவில்லை என்றால் கூடக் குடியிருக்கும் வயதுவந்த குடும்பத்தாரிடம் கொடுக்கலாம், வேலைக்காரர் அந்தக் கணக்கில் வரமாட்டார். சாயங்காலம் வந்திருப்பேனே என்று வாதாடலாம்தான், ஜெயித்தால் இன்னொரு சம்மன் வரும், அவ்வளவுதான் லாபம். நோட்டீஸை மறுத்ததும் அப்படித்தான், உறைமேல் தபால்காரர் "வாங்க மறுத்தார்" என்று எழுதிவிட்டால் கிடைத்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும்.

இப்போதே சம்மனை எடுத்துப் பாருங்கள். 37வது கட்டளை என்று எங்காவது இருக்கிறதா? அது சீக்கிரம் முடிக்கும் சுருக்க நடைமுறை, புரோநோட்டு வழக்கை அப்படியும் போடுவார்கள், இருந்தால் சம்மன் கிடைத்து 10 நாளுக்குள் ஆஜராக வேண்டும், நாளைக்கே வக்கீலிடம் ஓடுங்கள். இல்லையென்றால் வாய்தா அன்று வக்காலத்து (வக்கீல் உங்களுக்காக ஆஜராக நீங்கள் தரும் அதிகாரத் தாள்) போட்டு, சம்மன் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பதிலுரை, அதாவது உங்கள் எழுத்துப்பூர்வ பதில். காரணம் சொன்னால் 90 நாள் வரை கோர்ட் தரலாம், அதை நம்பி உட்காராதீர்கள். பிராது, அதாவது அவர் கோர்ட்டில் போட்ட வழக்கு மனு, அதன் நகல் கூட இருக்கிறதா, நோட்டுத் தேதி என்ன?

பட்டவன்:
நான் போகாமல் இருந்து பார்த்தவன். ஜப்திக்கு ஆள் வந்தபோதுதான் எக்ஸ்பார்ட்டி ஆனதே, அதாவது நான் இல்லாமலே தீர்ப்பு ஆனதே தெரிந்தது. தீர்ப்பை ரத்து செய்ய 30 நாளுக்குள் மனு போட வேண்டுமாம், எனக்கு அது எப்போதோ தாண்டிவிட்டது, தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு, அதற்கே தனி வாய்தா. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100-க்குப் போன் செய்து இலவச சட்ட உதவி கேளுங்கள்.

தூக்கம் கெட்டவன்:
பார்த்தேன் அண்ணா, 37 எங்கும் இல்லை. பிராது நகல் இருக்கிறது. நோட்டு எழுதி 4 வருஷம் ஆகிறது. பின்பக்கம் வட்டி வரவு என்று எழுதி, போன வருஷத் தேதியில் ஒரு கையெழுத்து. சத்தியமாக அது நான் போட்டதில்லை.

பழைய குமாஸ்தா:
அடடா, கேஸே அங்கேதான் இருக்கிறது. 3 வருஷம் தாண்டினால் நோட்டு காலாவதி. கெடு முடிவதற்குள் வட்டி கட்டி நீங்களே கையெழுத்துப் போட்டிருந்தால்தான் அந்தத் தேதியிலிருந்து புது 3 வருஷம். அதற்காகத்தான் அந்த வரவு. அது உங்கள் கையெழுத்து இல்லை, அன்று பணமும் கட்டவில்லை என்று பதிலுரையில் தனியாக, தெளிவாக மறுக்க வேண்டும், மொத்தமாக "எல்லாம் பொய்" என்று எழுதினால் போதாது. அந்த வருஷத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்ட பேங்க் பாரம், செக் எது இருந்தாலும் எடுத்து வையுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்பார்கள். சொந்தக்காரருக்குப் போன் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

தூக்கம் கெட்டவன்:
அப்பா நேற்றே போட்டுவிட்டார்.

பழைய குமாஸ்தா:
என்ன பேசினார் என்று கேட்டு வக்கீலிடம் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.