பயன்படுத்திய களிமண் உருண்டைகளை எங்கே சேர்ப்பது? பாடாங் செராய் அனுபவம்

அனைவருக்கும் வணக்கம். ஆர்க்கிட், மணி பிளாண்ட் போன்றவற்றை மண்ணில்லாமல் சுட்ட களிமண் உருண்டைகளில் வளர்க்கும் பழக்கம் மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள எங்கள் பாடாங் செராய் வட்டாரத்திலும் பரவிவிட்டது. தோட்டத்து லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) விட்டு வீடமைப்புப் பகுதிகளுக்கு வந்த குடும்பங்களுக்குச் சிமெண்டு முற்றம்தான் வாய்த்திருக்கிறது என்பதால், அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால், செடி பட்டுப்போன பிறகு அந்த உருண்டைகள் எங்கே போய்ச் சேருகின்றன என்பதுதான் என் கவலை.

எங்கள் வரிசையில் குடியிருக்கும் அக்கா ஒருவர், மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு வாளி உருண்டைகளை வீட்டு முன் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தார். “மண்ணுதானே தம்பி, மழையில கரைஞ்சு போயிடும்,” என்றார். நான் அவரைத் தெருமுனை மதகுக்கு அழைத்துச் சென்றேன். கம்பித் தடுப்பில் செம்பனை ஓலைக் கீற்றுகளும் பிளாஸ்டிக் பைகளும் சிக்கியிருக்க, அவற்றுக்கிடையே பழுப்பு உருண்டைகள் நெருக்கமாக மிதந்தன. குச்சியால் விலக்கியபோது அடியில் தேங்கிய நீரில் கொசுப்புழுக்கள் துள்ளின. டிங்கிக் காய்ச்சலுக்கு அஞ்சி வாழும் ஊரில் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இந்த உருண்டைகள் கரையாமைக்குக் காரணம் உண்டு. சுழலும் சூளையில் ஏறத்தாழ 1200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் களிமண்ணைச் சுடும்போது உள்ளே உண்டாகும் வாயு அதை உப்பவைக்க, வெளியே கெட்டியான ஓடும் உள்ளே நுண்துளைகளும் அமைகின்றன. அதன்பின் அது செங்கல்லைப் போன்றதுதான். எத்தனை மழை பெய்தாலும் மீண்டும் களிமண்ணாகாது, உரக்குழியிலும் மக்காது. உள்ளே காற்று நிறைந்திருப்பதால்தான் பல உருண்டைகள் நீரில் மிதந்து சாக்கடை வாயை அடைக்கின்றன.

ஆகவே, எறிவதற்கு முன் மறுபயனைத் தேடுவதே என் வழக்கம். ஒட்டியிருக்கும் வேர்களைக் களைந்து, வெண்மையாகப் படிந்த உர உப்பு நீங்கும்வரை நீரை மாற்றி மாற்றி ஊறவைப்பேன். வேரழுகல் கண்ட தொட்டியிலிருந்து வந்தவையாக இருந்தால், கொதிக்கவைத்தோ, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்த கரைசலில் ஊறவைத்து நன்றாக அலசியோ, வெயிலில் முழுவதும் உலர்த்திய பிறகே மறுபடி பயன்படுத்துவேன். கழுவிய நீரின் அடியில் தங்கும் சேற்றைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றக்கூடாது, குழாய் அடைத்துக்கொள்ளும். எங்கள் ஊரின் கெட்டிச் செம்மண்ணில் உருண்டைகளைக் கலந்தால் காற்றும் நீரும் எளிதில் இறங்குகின்றன. கறிவேப்பிலைத் தொட்டியின் மேற்பரப்பில் பரப்பினால் மழைத்துளி மண்ணைத் தெறிக்கவிடுவதில்லை.

மறுபயன் இல்லாத உடைந்த துண்டுகளை உலர்த்தி, கிழியாத பைகளில் சிறிது சிறிதாகக் கட்டி வழக்கமான குப்பைத்தொட்டியில் இடுகிறேன். கெடாவில் 2015 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கும் விதி நடைமுறையில் இருக்கிறது. இந்தத் துண்டுகள் மறுசுழற்சிக்குப் பிரிக்கும் காகிதமோ பிளாஸ்டிக்கோ உலோகமோ அல்ல. கண்ணாடியோடும் சேர்க்கக்கூடாது, ஏனெனில் கண்ணாடியை உருக்கும் உலையில் சுட்ட மண் உருகாமல் நின்று, வார்ப்பைக் கெடுத்துவிடும்.

சுங்கைப் பட்டாணியிலிருந்து இன்னோர் உறுப்பினரின் பதில்:

வணக்கம். சாலையோரப் புல்லில் கொட்டுவதும் ஆபத்தானது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) புல் வெட்டிய தொழிலாளி ஒருவரின் இயந்திரத்தில் பட்ட உருண்டை, தெறித்து அவருடைய முகக்கவசத்தில் மோதியதை நேரில் கண்டேன். அன்று முதல், எனக்குத் தேவைப்படாத நல்ல உருண்டைகளைச் சுத்தம் செய்து, எந்தச் செடிக்குப் பயன்பட்டவை, நோய் இருந்ததா என்று ஒரு சீட்டில் எழுதி, செடி வளர்க்கும் அக்கம்பக்கத்தாருக்கே கொடுத்துவிடுகிறேன்.