மறு: ரதீஃப் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பர்களுக்கு வணக்கம்.

ஈரடிக் கண்ணிகளாக வரும் உருதுக் கவிதையான கஜலில், அடி முடிவில் மாறாமல் திரும்ப வரும் சொல் ரதீஃப். அதற்கு 'இயைபு' என்றே வைத்துக்கொள்ளலாம் என்று ஐயா நேற்று எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. இயைபு நல்ல சொல்தான், ஆனால் அது ரதீஃபுக்கு முன்னால் ஒலி ஒத்து வரும் காஃபியாவுக்குச் சேர வேண்டியது. இதற்குக் கொடுத்துவிட்டால் அதற்கு என்ன செய்வோம்?

காஷ்மீரிலிருந்து அமெரிக்கா போன கவிஞர் ஆகா ஷாஹித் அலியின் ஆங்கில கஜல் ஒன்றைப் பாருங்கள். முதல் அடி 'ஸ்பெல் டுநைட்' என்று முடிகிறது, அடுத்தது 'எக்ஸ்பெல் டுநைட்' என்று. மாறாமல் நிற்கும் 'டுநைட்' ரதீஃப். அதற்கு முன்னால் ஒலி ஒத்து வருவது காஃபியா. அடுத்தடுத்த கண்ணிகளில் இந்த ஜோடி இரண்டாம் அடியில் வந்தால் போதும். காஃபியா காதில் விழுந்ததுமே அடுத்து வரப்போவது தெரிந்துவிடும். முஷாயரா என்னும் கவியரங்கில் கூட்டமே சேர்ந்து சொல்லும்.

1960களின் கடைசியில் கவிஞர் ஏட்ரியன் ரிச் அமெரிக்காவில் எழுதிய கஜல்களில் ஈரடி உண்டு, ஒவ்வொன்றும் தனித்து நிற்பதும் உண்டு, இந்த ஜோடிதான் இல்லை. ஷாஹித்துக்கு இந்தப் போக்கு பொறுக்கவில்லை. 2000இல் அவர் தொகுத்த நூலின் துணைத்தலைப்பே 'ஆங்கிலத்தில் உண்மையான கஜல்கள்'. உருதுவில் வினை கடைசியில் வருவதால் 'ஹை' என்பதே ரதீஃபாகிவிடும். ஆங்கிலத்தில் அந்த வசதி ஏது? அதனால்தான் 'இன்றிரவு', 'அரபியில்', 'மழையும்கூட' என்று வாக்கியத்தின் வாலில் ஒட்டக்கூடியவற்றைத் தேடிப் பிடித்தார்.

'மடக்கு' என்றும் ஒருவர் சொன்னார். மடக்கில் சொல் திரும்பும்போது பொருள் மாறியாக வேண்டும். இங்கே அந்தக் கட்டாயம் இல்லை.

என் பரிந்துரை: பின்வருசொல். அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்தில் பின்வருநிலையணி இருக்கிறது, வந்த சொல்லே மறுபடி வருவதைச் சொல்வது. அப்புறம், ரதீஃப் என்ற அரபுச் சொல்லுக்கே சவாரியில் ஒருவர் பின்னால் அமர்ந்து வருபவர் என்றுதான் பொருள். இவ்வளவு பொருத்தம் எளிதில் அமையாது.

நமக்கு இது புதிதும் அல்ல. தாயுமானவரின் பராபரக்கண்ணியில் 'வேறொன்று அறியேன் பராபரமே', 'தானே வந்து எய்தும் பராபரமே' என்று கண்ணிக்குக் கண்ணி வருகிறதே, அது பின்வருசொல்தான். 'அறியேன்', 'எய்தும்' இரண்டும் ஒலியில் ஒத்துவரவில்லை, அதாவது காஃபியா இல்லை. ஆக, இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும். கஜலின் ஈரடியை உருதுவில் ஷேர் என்பார்கள், அதற்குக் கண்ணி என்பதையும் இதிலேயே முடித்துவிடலாம்.

சரி, சொல் புழங்குமா என்று பார்க்க நானே ஒன்று கட்டிப் பார்த்தேன்:

வாசலில் நான் நிற்கக் கதவடைத்தாய் இன்றிரவு
வழிகாட்ட நின்ற விளக்கணைத்தாய் இன்றிரவு

'அடைத்தாய்', 'அணைத்தாய்' இயைபு; 'இன்றிரவு' பின்வருசொல். விளக்கும்போது எங்கும் தடுக்கவில்லை.

கவிஞர் தன் பெயரை வைக்கும் கடைசிக் கண்ணியான மக்தாவுக்கு 'முத்திரைக் கண்ணி' சரியாக இருக்கும், கீர்த்தனையில் முத்திரை என்பது பழகிய சொல். முதல் கண்ணிக்குப் பெயர் மத்லா; அதற்கு உதிக்கும் இடம் என்று பொருள். 'எழுகண்ணி' என்று குறித்து வைத்திருக்கிறேன், முழு நிறைவில்லை. இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.