எல்லைக் கானில் எலியும் நுளம்பும்: யாரிடம் போவது?

எல்லோருக்கும் வணக்கம். கொழும்பில் இரண்டு உள்ளூராட்சிச் சபைகளின் எல்லையில் இருக்கிற ஒழுங்கை எங்களுடையது. எந்தச் சபைகள் என்று இங்கே எழுதவில்லை, சண்டை வேண்டாம். ஒழுங்கை முடிவில் ஒரு கான், அதாவது கழிவுநீர் வாய்க்கால். இந்தக் கரை ஒருவருக்கு, அந்தக் கரை மற்றவருக்கு.

போன மாதம் இந்தப் பக்கத்துக்கு எலி மருந்து வைத்தார்கள். எலிகள் சாகவில்லை, கானைத் தாண்டிக் குடிபெயர்ந்தன. இரண்டு கிழமையில் திரும்பிவிட்டன. நேற்று இரவு மூடி உடைந்த மேன்ஹோலுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தேன். குழாய் விளிம்பில் மூன்று எலிகள், கீழே கறுத்த தண்ணீரில் நெளிகிற நுளம்புப் புழுக்கள்.

புகை அடித்தால் பறக்கிற நுளம்புதான் சாகும், புழு தப்பிவிடும். அழுக்குத் தண்ணீரில் பெருகுவது கியூலெக்ஸ், யானைக்கால் நோயைப் பரப்பும் இனம். டெங்கு நுளம்பு பெரும்பாலும் தெளிந்த தண்ணீரில் பெருகும், அதற்குக் கான் ஓரத்து யோகட் கோப்பைகளே போதும். மழை வெள்ளத்தில் செருப்போடு நடக்கிற பிள்ளைகளுக்கு எலிக்காய்ச்சல் வருமோ என்பதுதான் பெரிய பயம்.

இரண்டு பக்கப் பீ.எச்.ஐ.மாரும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்) நல்ல மனிதர்கள்தான், ஆனால் கை மற்றக் கரையைக் காட்டுகிறது. ஒரே நாளில் இரு கரையிலும் வேலை செய்ய வைத்த அனுபவம் யாருக்காவது உண்டா? இதைக் கேட்டு ஒரு கடிதத்தை இரண்டு சபை ஆணையாளர்களுக்கும் சேர்த்து அனுப்பலாமா, மாகாண உள்ளூராட்சி ஆணையாளருக்கும் பிரதி போடவேண்டுமா? அப்புறம், சிங்களத்தில் பிழையில்லாமல் எழுதித் தரக்கூடியவர் இருந்தால் இன்பொக்ஸில் வாருங்கள். கையெழுத்து 40 வீட்டில் வாங்கித் தருவது என் பொறுப்பு.