நீண்ட இடைவெளிக்குப் பின் ஓட்டம்: புதிய காலணியைப் பழக்குவது எப்படி?

கேள்வி

சில ஆண்டுகளாக விட்டிருந்த ஓட்டத்தை மீண்டும் தொடங்கியிருக்கிறேன். பழைய காலணியின் அடிப்பகுதி தேயவில்லை என்றாலும், அதன் நுரை இறுகிப்போனதாகத் தோன்றியதால் புதியது வாங்கினேன். அதை அணிந்து சிறிது தூரம் ஓடியதுமே குதிகாலின் பின்புறம் உராய்ந்து சிவந்துவிட்டது. மறுநாள் கெண்டைக்கால்களும் இறுகிவிட்டன. காலணி பழகும்வரை இவற்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டுமா, அல்லது வேறு அளவு வாங்க வேண்டுமா?

பதில் 1

இரண்டு தொல்லைகளுக்கும் காரணம் ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை. ஒவ்வோர் அடியிலும் குதிகால் உள்ளே சற்று மேலெழுந்து இறங்குவதால்தான் பெரும்பாலும் அங்கே உராய்வு ஏற்படுகிறது. காலணியின் மேல்முனையில், பலர் பயன்படுத்தாமல் விட்டுவிடும் கடைசித் துளையில் லேஸை அதே பக்கமாக நுழைத்து, இருபுறமும் சிறு வளையம் அமைத்துக்கொண்டு, ஒவ்வொரு நுனியையும் எதிர்ப்பக்க வளையத்தின் வழியே இழுத்துக் கட்டிப் பாருங்கள்; பாதத்தின் மேற்பகுதியை இறுக்காமலேயே குதிகால் அசையாமல் நிற்கும். பருத்திச் சாக்ஸ் அணிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். பருத்தி வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்வதால் தோல் ஈரமாகவே இருக்கும். ஈரத்தோலில்தான் கொப்புளம் எளிதாக எழும்.

பதில் 2

காலணியைப் பழக்குவது என்ற எண்ணமே தடித்த தோல் காலணிகளின் காலத்தைச் சேர்ந்தது என்பது என் கருத்து. இன்றைய ஓட்டக் காலணிகளின் மேற்பகுதி மெல்லிய வலைத்துணியால் ஆனது. சில ஓட்டங்களில் நுரை சற்று இளகும், அவ்வளவுதான். நீளமோ அகலமோ போதாத காலணி, ஓட ஓடச் சரியாகிவிடாது. நாளின் பிற்பகுதியில், பாதம் சற்று வீங்கியிருக்கும்போது அணிந்து நின்று, மிக நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கிறதா எனப் பாருங்கள். அந்த இடைவெளி இல்லையென்றால், இறக்கத்தில் ஓடும்போது விரல்கள் முன்பக்கம் மோதி நகம் கறுக்கும். இடமும் இருந்து, பதில் 1இல் கூறியபடி கட்டியும் அதே இடத்தில் உராய்ந்தால், அந்தக் காலணி உங்கள் குதிகாலின் வடிவத்துக்கு ஏற்றதன்று, பொறுத்துக்கொள்ளாமல் மாற்றிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. விரல்களுக்கு முன்னால் இடம் இருக்கிறது. லேஸை மாற்றிக் கட்டியதும் உராய்வு பெருமளவு குறைந்துவிட்டது. கெண்டைக்கால் இறுக்கம் மட்டும் நீடிக்கிறது. பழைய காலணியின் டிராப் 10 மில்லிமீட்டர், புதியதன் டிராப் 4 மில்லிமீட்டர் என்று இப்போதுதான் கவனித்தேன். இதற்கும் இறுக்கத்துக்கும் தொடர்பு உண்டா?

பதில் 3

நிச்சயமாக உண்டு. குதிகாலின் கீழும் முன்பாதத்தின் கீழும் உள்ள அடிப்பகுதியின் உயர வேறுபாடுதான் டிராப். அது குறையும்போது குதிகால் முன்பைவிடத் தாழ்ந்து நிற்பதால், கெண்டைத் தசையும் குதிகால் நாணும் ஒவ்வோர் அடியிலும் கூடுதலாக நீண்டு அதிகச் சுமையைத் தாங்குகின்றன. டிராப் அதிகமானால் சுமை முழங்கால் பக்கம் நகரும் என்பதால், குறைந்த டிராப் கெட்டதென்று சொல்ல முடியாது. திடீர் மாற்றம்தான் சிக்கல். அதிலும் நீண்ட ஓய்வுக்குப் பிறகு இதயமும் நுரையீரலும் விரைவில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், நாண்களும் எலும்புகளும் மெதுவாகவே வலுப்பெறும். மூச்சு வாங்கவில்லை என்பதற்காகத் தூரத்தைக் கூட்டுவதில்தான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள்.

ஆகவே முதலில் சில நாள் நடைக்கு மட்டும் புதிய காலணியை அணியுங்கள்; பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், சில நிமிட மெல்லோட்டமும் சில நிமிட நடையுமாக மாற்றி மாற்றிச் செல்லுங்கள். ஏற்றமான பாதைகளைத் தற்போதைக்குத் தவிர்க்கலாம். இடையில் பழையதை அணிந்து ஓடலாமே என்று தோன்றும். நுரை இறுகிய காலணி அதிர்ச்சியைச் சரியாகத் தாங்காது என்பதால் நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். இரு கெண்டைக்கால்களிலும் பரவலாக இருக்கும் இறுக்கம் ஓரிரு நாளில் தணிந்தால் கவலை வேண்டாம். ஒரு காலில் மட்டும், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓரிடத்தில் வலி நிலைத்து, நடக்கும்போதும் தொடர்ந்தால், ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.