பிரிட்டன் கட்சிகளின் நலத்திட்ட வாக்குறுதியை எப்படிப் படிப்பது?

சித்தூர் டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். பாலக்காடு சித்தூர் பக்கம் எங்கள் வாயனசாலையில் மாதம் ஒரு ஞாயிறு உலக அரசியல் வகுப்பு நடக்கும். அடுத்த முறைக்கு எடுத்திருப்பது பிரிட்டனின் 2024 பொதுத்தேர்தல், அதிலும் நலத்திட்டங்கள். வருபவர்களில் பலருடைய வீட்டிலிருந்து யாராவது ஒருவர் அங்கே நர்ஸாகவோ கேர் ஹோமிலோ இருப்பதால் ஆர்வம் அதிகம்.

எங்களூரில் வாக்குறுதி என்றால் ஒரு தொகை. கேரள க்ஷேமப் பென்ஷன் 1,600 ரூபாயிலிருந்து 2,000 ஆனது. செக்போஸ்ட் தாண்டினால் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய். ஆந்திராவில் 2024 தேர்தலில் முதியோர் பென்ஷன் 4,000 என்றார்கள், கொடுத்தார்கள். பிரிட்டன் கட்சிகளின் அறிக்கைகளைப் புரட்டினால் இப்படி ஒரு தொகையைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. அப்படியானால் அங்கே எதை வைத்துச் சண்டை போடுகிறார்கள்? இரண்டு குழந்தை வரம்பு என்பதை ஒரு குடும்பக் கணக்காகச் சொல்ல முடியுமா? நம் பிள்ளைகளுக்கு அங்கே ஓட்டு உண்டா, உதவித்தொகை உண்டா?

நகரி எல்லைக்காரன்:
டீச்சர், முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். அங்கே சண்டை தொகைக்காக அல்ல, தொகையை உயர்த்தும் விதிக்காக.

ஆந்திராவில் 3,000 ரூபாய் 4,000 ஆக ஒரு முதலமைச்சர் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்து யாராவது கை வைக்கும்வரை அது அங்கேயே நிற்கும். பிரிட்டனில் ஒவ்வொரு ஏப்ரலிலும் தொகை உயர்வது வழக்கம். எவ்வளவு என்பதுதான் கேள்வி. முதியோருக்கான அரசு பென்ஷனுக்கு ட்ரிபிள் லாக் விதி: விலைவாசி உயர்வு, சராசரிச் சம்பள உயர்வு, 2.5 சதவீதம், இந்த மூன்றில் எது அதிகமோ அது. வேலை செய்யும் வயதினருக்கான பெனிஃபிட், அதாவது அரசு உதவித்தொகைக்கு, அந்தப் பாதுகாப்பு கிடையாது. முந்தைய செப்டம்பரின் விலைவாசிக் கணக்கைப் பார்த்து அரசு உயர்த்தும், வேண்டாம் என்றால் நிறுத்தியும் வைக்கும். 2024 ஏப்ரலில் பென்ஷன் 8.5 சதவீதம் ஏறியது, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான மாத உதவியான யூனிவர்சல் கிரெடிட் 6.7 சதவீதம்தான். ஒரே நாடு, ஒரே மாதம், இரண்டு விதி.

இந்த இடைவெளிதான் வகுப்பில் விரித்துச் சொல்ல வேண்டியது. 2024-ல் லேபர், கன்சர்வேட்டிவ், லிபரல் டெமாக்ரட் மூன்றுமே ட்ரிபிள் லாக்கைத் தொட மாட்டோம் என்றன. கன்சர்வேட்டிவ் ஒரு படி மேலே போய், முதியோரின் வருமான வரி விலக்கு வரம்பையும் அதே விதியில் உயர்த்துவோம் என்றது. அதே கட்சி இன்னொரு பக்கம், நலச்செலவில் ஆண்டுக்கு 1,200 கோடி பவுண்ட் மிச்சம் பிடிப்போம் என்றும் எழுதியது. அந்த மிச்சம் இன்றைய செலவைக் குறைத்து வருவதல்ல, எதிர்காலத்தில் ஏறும் என்று கணித்த செலவிலிருந்து கழிப்பது. ‘வெட்டு’ என்ற சொல்லைப் பார்த்தால் எந்தக் கோட்டிலிருந்து வெட்டு என்று முதலில் கேளுங்கள். செய்திகளில் பெரும்பாலும் இது தொலைந்துபோகிறது.

களியக்காவிளை கணக்கர்:
குடும்பக் கணக்கு நான் போடுகிறேன். எல்லாம் 2024–25 நிதியாண்டின் தொகைகள், அதாவது அந்தத் தேர்தல் நேரத்தில் நடப்பில் இருந்தவை.

25 வயது தாண்டிய தம்பதிக்கு யூனிவர்சல் கிரெடிட் அடிப்படைத் தொகை மாதம் 617.60 பவுண்ட். 2017 ஏப்ரல் 6-க்குப் பிறகு பிறந்த குழந்தைக்குத் தலைக்கு 287.92. மூன்று குழந்தையும் அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவர்கள் என்றால் இரண்டு பேருக்குத்தான் கணக்கு, அப்போதைய இரண்டு குழந்தை வரம்பு இதுதான்: 575.84. ஆக மொத்தம் 1,193.44, வாடகை உதவி தனி. மூன்றாவது பிள்ளைக்குக் கிடைக்காமல் போவது ஆண்டுக்கு சுமார் 3,455 பவுண்ட். மூன்றாவது பேறு இரட்டையர் என்பது போன்ற சில விலக்குகள் உண்டு. சைல்ட் பெனிஃபிட் என்பது வேறு திட்டம். அதில் இந்த வரம்பு இல்லை, மூன்றாவது பிள்ளைக்கும் வரும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம்.

அந்த வீட்டில் ஒருவர் வேலைக்குப் போகிறார், கையில் மாதம் 1,004 பவுண்ட் வருகிறது என்று வைப்போம். வாடகை உதவி வாங்கும் குடும்பத்துக்கு முதல் 404 பவுண்டைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். மீதி 600-ல் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் வெட்டு, அதாவது யூனிவர்சல் கிரெடிட்டில் 330 பவுண்ட் குறையும். இந்த 55 முன்பு 63 ஆக இருந்தது, 2021 கடைசியில் குறைத்தார்கள். இந்த ஓர் எண்ணை அசைத்தால் வேலைக்குப் போகும் லட்சக்கணக்கான ஏழைக் குடும்பங்களுக்கு மாத வரவு மாறும். ஆனாலும் தேர்தல் மேடையில் இதை யாரும் உரக்கப் பேச மாட்டார்கள், ஒரு வரியில் சொல்லிப் புரியவைக்க முடியாது என்பதால்.

இனிமேல்தான் சிக்கல். இரண்டு குழந்தை வரம்புக்கு மேலே பெனிஃபிட் கேப் என்று, மொத்த உதவிக்கும் இன்னோர் உச்சவரம்பு இருக்கிறது. லண்டனுக்கு வெளியே குடும்பத்துக்கு ஆண்டுக்கு 22,020 பவுண்ட், மாதம் 1,835. மேலே சொன்ன குடும்பத்தில் யாருக்கும் வேலை இல்லை, வாடகை உதவி 700 என்றால் 1,893 ஆகிவிட்டது. சைல்ட் பெனிஃபிட் சுமார் 258-ஐச் சேர்த்தால் 2,151. அதாவது ஏற்கெனவே 316 பவுண்ட் வெட்டுப்படுகிறது. இவர்களுக்கு இரண்டு குழந்தை வரம்பை எடுத்தாலும் கையில் ஒரு பவுண்ட்கூடக் கூடுதலாக வராது, மூன்றாவது பிள்ளையின் தொகை அப்படியே கேப்பில் மோதி நின்றுவிடும். தம்பதி சேர்ந்து மாதம் 793 பவுண்டாவது சம்பாதித்தால்தான் கேப்பிலிருந்து விலக்கு. வீட்டில் ஒருவருக்குப் பிப் என்ற ஊனமுற்றோர் உதவி வந்தாலும் விலக்கு.

ஆகவே ஒரு கட்சி ‘வரம்பை நீக்குவோம்’ என்றால் எந்த வரம்பு என்று பாருங்கள். 2024-ல் லிபரல் டெமாக்ரட் கட்சி இரண்டு குழந்தை வரம்பு, பெனிஃபிட் கேப் இரண்டையுமே எடுப்போம் என்றது. ஏழ்மையைக் குறைக்க நினைப்பவர்கள் இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒன்றை மட்டும் எடுத்தால் வேலையே கிடைக்காத, ஆகக் கீழே இருக்கும் வீடு விட்டுப்போகும்.

மறையூர் மலைக்காரி:
கணக்கருடைய கணக்கு சரி. ஆனால் டீச்சர், அறிக்கையை மட்டும் வைத்துப் பாடம் நடத்தினால் பாதிக் கதைதான் கிடைக்கும். அறிக்கையில் இல்லாததுதான் அங்கே திரும்பத் திரும்ப ஆட்களைக் கடித்திருக்கிறது.

2015-ஐப் பாருங்கள். வேலை வயதினரின் பெனிஃபிட்டுகளை இரண்டு ஆண்டு உயர்த்தாமல் நிறுத்துவோம் என்று கன்சர்வேட்டிவ் அறிக்கை சொன்னது. ஜெயித்த பிறகு ஜூலை பட்ஜெட்டில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் அதை நான்கு ஆண்டாக்கினார். இரண்டு குழந்தை வரம்பும் அந்த பட்ஜெட்டில் வந்ததுதான். அதோடு அறிவித்த டாக்ஸ் கிரெடிட் (குறைந்த வருமானத்தாருக்கான பழைய உதவி) வெட்டைப் பிரபுக்கள் சபை அக்டோபரில் தடுத்ததும் நவம்பரில் கைவிட்டார்.

லேபர் அப்போது என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். உயர்வு நிறுத்தத்தையும் இரண்டு குழந்தை வரம்பையும் சட்டமாக்க வந்த மசோதாவின் இரண்டாம் வாசிப்பில், தோற்ற அதிர்ச்சியில் இருந்த கட்சி எம்பிக்களை வாக்களிக்காமல் ஒதுங்கச் சொன்னார் இடைக்காலத் தலைவர் ஹேரியட் ஹார்மன். 48 லேபர் எம்பிக்கள் மீறி எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். அவர்களில் ஒருவரான ஜெரமி கார்பின் இரண்டே மாதத்தில் கட்சித் தலைவரானார்.

2017 நேர்மாறு. கன்சர்வேட்டிவ் பிரதமர் தெரசா மே கட்சியின் அறிக்கை வெளிப்படையாகவே எழுதியது: ட்ரிபிள் லாக்கில் 2.5 சதவீதத்தை நீக்குவோம், குளிர்கால எரிபொருள் உதவியை வசதியுள்ள முதியோருக்கு நிறுத்துவோம், வீட்டில் வைத்துப் பராமரிக்கும் செலவுக்கும் வீட்டின் மதிப்பைக் கணக்கில் எடுப்போம், கடைசி 1,00,000 பவுண்டைத் தொட மாட்டோம். எதிர்த்தரப்பு கடைசியானதற்கு ‘டிமென்ஷியா வரி’ என்று பெயர் வைத்தது. அறிக்கை வந்த நான்காம் நாள், செலவுக்கு உச்சவரம்பு உண்டு என்று மே இறங்கிவந்தார். பெரும்பான்மை போனது. வட அயர்லாந்தின் டியுபி கட்சியுடைய 10 எம்பிக்கள் ஆதரவு தந்தபோது போட்ட ஒப்பந்தத்தில் ட்ரிபிள் லாக்கும் எரிபொருள் உதவியும் அப்படியே இருக்கும் என்று எழுதி வாங்கினார்கள்.

அதிலிருந்து கட்சிகள் படித்த பாடம் மோசமானது. முதியோர் பற்றிய கசப்பான எதையும் தேர்தலுக்கு முன் சொல்லாதே. 2024-ல் லேபர் ஜெயித்து ஒரு மாதம்கூட ஆகாத ஜூலை 29-ல், நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் எரிபொருள் உதவியைப் பென்ஷன் கிரெடிட் போன்ற வறியோர் உதவி வாங்குபவர்களுக்கு மட்டும் என்று சுருக்கினார். அறிக்கையில் இது இல்லை. பென்ஷன் கிரெடிட் தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். தகுதி இருந்தும் விண்ணப்பிக்காத கிழவர்கள் இரண்டையும் இழந்தார்கள். 2025 ஜூனில் பின்வாங்கி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டு வருமானம் 35,000 பவுண்ட் வரை உள்ள முதியோருக்குத் திரும்பக் கொடுத்தார்கள். மக்களிடம் சொல்லாமல் செய்வது ஜனநாயகத்துக்கு நல்லதல்ல என்பதை வகுப்பில் அழுத்திச் சொல்லுங்கள்.

இரண்டு குழந்தை வரம்பும் அப்படித்தான் இழுத்தது. லேபர் தலைவர் ஸ்டார்மர் 2023-லேயே மாற்ற மாட்டோம் என்றார். 2024 ஜூலையில் அதை நீக்கக் கோரிய எஸ்என்பி (ஸ்காட்லாந்து தேசியக் கட்சி) திருத்தத்துக்கு ஓட்டுப் போட்ட ஏழு லேபர் எம்பிக்களைக் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள். 2025 நவம்பர் பட்ஜெட்டில், 2026 ஏப்ரலிலிருந்து வரம்பு இல்லை என்று ரீவ்ஸே அறிவித்தார்.

புனலூர் ரயிலடி:
ஓட்டு விஷயம். இந்தியக் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்பதால், முறையான விசாவோடு பிரிட்டனில் வசிக்கும் 18 வயதானவர்கள் பொதுத்தேர்தலில் வாக்களிக்கலாம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் தேவையில்லை. பிரெஞ்சு, ஜெர்மன் குடிமக்களுக்கே அந்த உரிமை இல்லை.

பெயரை நாமே பதிய வேண்டும், நேஷனல் இன்ஷூரன்ஸ் (சம்பளத்தில் பிடிக்கும் அரசு காப்பீட்டுச் சந்தா) எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால் இணையத்தில் சில நிமிட வேலை. கடைசி நாள் வாக்குப்பதிவுக்கு 12 வேலை நாள் முன்பு. 2024 ஜூலை 4 தேர்தலுக்கு அது ஜூன் 18 நள்ளிரவு. தபால் வாக்கு கேட்க மறுநாள் மாலை 5 மணி வரை. ப்ராக்ஸிக்கு, அதாவது நமக்காக இன்னொருவர் ஓட்டுப் போட, 6 வேலை நாள் முன்பு. வீடு மாறினால் மறுபடி பதிய வேண்டும். வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் நர்ஸுகள் ஓட்டை இழப்பது பெரும்பாலும் இங்கேதான்.

வாக்குச்சாவடி காலை 7 முதல் இரவு 10 வரை. புகைப்பட அடையாளம் கட்டாயம். இந்திய பாஸ்போர்ட் செல்லும், ஆஸ்பத்திரி ஊழியர் அட்டை செல்லாது. தபால் வாக்கு அன்று இரவு 10-க்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அன்று தபாலில் போட்டுப் பயனில்லை, நேரே சாவடியில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். திடீரென்று ஷிப்ட் மாறிவிட்டால், வேலை காரணமாக அவசர ப்ராக்ஸியை அன்று மாலை 5 மணி வரை கேட்கலாம்.

உதவித்தொகை வேறு கதை. பெரும்பாலான வேலை விசாக்களில் பொது நிதி கிடையாது என்ற நிபந்தனை இருக்கும். யூனிவர்சல் கிரெடிட், சைல்ட் பெனிஃபிட், பிப், பென்ஷன் கிரெடிட் எல்லாம் அதில் அடங்கும். தவறுதலாக வாங்கினாலும் விசா நிபந்தனையை மீறியதாகும், விசா நீட்டிப்பில் பிரச்சினை வரும். ஆனால் நோய்க்காலச் சம்பளம், பேறுகாலச் சம்பளம், இன்ஷூரன்ஸ் சந்தா கட்டியதால் வரும் நியூ ஸ்டைல் வேலையில்லாக் கால உதவி ஆகியவை பொது நிதி அல்ல. தகுதி இருந்தால் தாராளமாக வாங்கலாம். பயந்துகொண்டு பேறுகாலச் சம்பளத்தையே கேட்காமல் விடுவது நமக்கே நாம் செய்யும் அநியாயம்.

சித்தூர் டீச்சர்:
எல்லோருக்கும் மிக்க நன்றி. கேப் கணக்கைப் போர்டில் அப்படியே எழுதப் போகிறேன். இன்னும் ஒன்று. சிலர் பத்துப் பன்னிரண்டு வருடம் அங்கே வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவர்களுக்கு அந்த ட்ரிபிள் லாக் பென்ஷன் இங்கே வருமா?

களியக்காவிளை கணக்கர்:
பென்ஷன் வரும் டீச்சர், ட்ரிபிள் லாக் வராது.

குறைந்தது 10 ஆண்டு இன்ஷூரன்ஸ் பதிவு வேண்டும், முழுத் தொகைக்கு 35 ஆண்டு. 2024–25-ல் முழுத் தொகை வாரம் 221.20 பவுண்ட். 12 ஆண்டு என்றால் 35-ல் 12 பங்கு, வாரம் 75.84. பத்துக்கு ஓராண்டு குறைந்தாலும் ஒன்றும் கிடைக்காது. ஆகவே ஊருக்குக் கிளம்பும் முன் அரசு இணையதளத்தில் பதிவு எத்தனை ஆண்டு என்று பார்த்து, விடுபட்ட ஆண்டுக்குச் சந்தா கட்ட முடியுமா என்று கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

பென்ஷன் வயது வந்ததும் இங்கிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆனால் இந்தியாவில் வசிப்பவருக்கு ஆண்டு உயர்வு கிடையாது. முதலில் வாங்கிய தொகை அப்படியே உறைந்துவிடும். அமெரிக்காவிலோ ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலோ வசித்தால் ஆண்டுதோறும் ஏறும். இந்தியா, கனடா, ஆஸ்திரேலியா என்றால் ஏறாது. ஒரே அளவு சந்தா கட்டியவர்களை வசிக்கும் நாட்டைப் பார்த்துப் பிரிப்பது பச்சை அநீதி.

இதைத் தேர்தலில் கேட்கவும் இவர்களுக்கு வழியில்லை. வெளிநாட்டிலிருந்து ஓட்டுப் போடும் உரிமை பிரிட்டிஷ் குடிமக்களுக்குத்தான். 2024 ஜனவரியில் 15 ஆண்டு வரம்பை எடுத்தபோதும் அது மாறவில்லை. ஊர் திரும்பிய இந்தியப் பாஸ்போர்ட்காரருக்கு அங்கே ஓட்டு இல்லை. கேட்பதென்றால் அங்கே இருக்கும்போதே, தொகுதி வேட்பாளரிடம் கேட்க வேண்டும்.